கி.ரா. விட்டுச்சென்ற இருக்கை

கி. ராஜநாராயணன் 2021 மே மாதம் மறைந்த பிறகு ஒரு பேச்சு மேடைதோறும் வலுத்துவிட்டது. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட கரிசல் சம்சாரியைப் பல்கலைக்கழகம் கூப்பிட்டுப் பேராசிரியர் ஆக்கியது, பட்டத்தைவிட அனுபவம் பெரிது என்பது அன்றே நிலைநாட்டப்பட்டுவிட்டது என்கிறது அந்தப் பேச்சு. பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் ‘புரொபசர் ஆஃப் பிராக்டிஸ்’ என்ற பதவியைக் கொண்டுவந்ததும் இந்தக் கூற்றுக்கு இன்னும் மவுசு கூடியது. பட்டம் கேட்காத பேராசிரியப் பதவிக்குத் தமிழில் முன்னோடி கி.ரா.தான் என்று சொல்வதில் நமக்கெல்லாம் ஒரு பெருமிதம்.

இந்தப் பெருமிதம் கி.ரா.வைச் சிறுமைப்படுத்துகிறது. அவரிடம் பட்டம் இல்லாததைக் கொண்டாடுகிறவர்கள், அவர் செய்துமுடித்திருந்த ஆராய்ச்சியைப் பார்க்க மறுக்கிறார்கள். புதுச்சேரி அவரை அழைப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 1982இல், ‘கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி’ வந்துவிட்டது. ஒரு துறை முழுவதும் சேர்ந்து செய்திருக்க வேண்டிய வேலையை இடைசெவல் கிராமத்திலிருந்தபடி, நண்பர்கள் துணைநிற்க, ஒரு விவசாயி செய்து முடித்தார். அந்த இருக்கைக்குரிய தகுதி அந்த உழைப்பிலிருந்து வந்தது. படிக்காத மேதை என்ற பட்டம் அந்த உழைப்பின் மேல் போர்த்திய பொன்னாடையாக நின்று அதை மறைத்துவிட்டது.

கலை, இலக்கியத் துறைகளில் வருகைதரு பேராசிரியர் பதவி என்பது ஒருவருக்குச் செய்யும் மரியாதையா, ஒரு துறை ஒருவரிடமிருந்து பெறும் வேலையா என்ற கேள்வியோடுதான் இதன் வரலாற்றைப் படிக்க வேண்டும். வந்தவர் போன பிறகு என்ன மிஞ்சியது என்பதே என் உரைகல்.

பழைய கதையை விரைவாகக் கடந்துவிடலாம். ஆக்ஸ்போர்டில் கவிதைப் பேராசிரியர் பதவி 1708 முதல் இருக்கிறது. அங்கே கலைக்கென ஸ்லேட் இருக்கை ஏற்பட்டபோது முதலில் அமர்ந்தவர் ரஸ்கின். ஹார்வர்டின் நார்ட்டன் இருக்கை 1920களில் தொடங்கியது; ஸ்ட்ராவின்ஸ்கி 1939-40இலும் போர்ஹே 1967-68இலும் அங்கே பேசினார்கள். இவை சொற்பொழிவு இருக்கைகள். பேச்சு புத்தகமாகும், புத்தகம் நிலைக்கும். ஆனால் பேசியவரின் கைத்திறன் கேட்டவர் கைக்கு வந்து சேர்வதில்லை. இந்தியாவில் இதை வேறு விதமாக நினைத்துப் பார்த்தவர் தாகூர். 1921இல் பிரெஞ்சு அறிஞர் சில்வேன் லெவியை விஸ்வபாரதியின் முதல் வருகைப் பேராசிரியராக அழைத்தார். அடுத்து விண்டர்நிட்ஸ் வந்தார். ஸ்டெல்லா கிராம்ரிஷ் வந்தார். வந்தவர்கள் மாணவரோடு சேர்ந்து தங்கி, சேர்ந்து படித்தார்கள். விருந்தினரைச் சக மாணவராக்கும் இந்த ஏற்பாட்டை நம் பல்கலைக்கழகங்கள் பாராட்டியதோடு நிறுத்திக்கொண்டன.

தமிழ்ப் பேராசிரியர்கள் வெளிநாடு போன கதை நமக்கு மனப்பாடம். தெ.பொ. மீனாட்சிசுந்தரனார் 1960களின் தொடக்கத்தில் சிகாகோவில் கற்பித்துத் திரும்பி, 1966இல் மதுரைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார். தனிநாயகம் அடிகள் மலாயாவுக்குப் போவதற்கு முன்னால் எங்கள் கடற்கரையில் உழைத்தவர். 1948இல் தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகத்தை நிறுவியவர். 1554இல் லிஸ்பனில் அச்சான தமிழ் மறைக்கல்வி நூலை ஆய்வுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர். முத்துக்குளித்துறைப் பரதவரிடம் தமிழ் கற்று, 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சிட்ட அண்டிரிக் அடிகளாரின் வேலைக்குப் பிற்காலத்தில் வந்த நேரடி வாரிசு என்றே அவரைச் சொல்லலாம். அவர் எங்கு போனாலும் அங்கே ஒரு கழகமோ ஒரு இதழோ ஒரு மாநாடோ முளைத்தது. 1952இல் ‘தமிழ்க் கல்ச்சர்’ இதழ், 1966இல் கோலாலம்பூர் மாநாடு. போகிறவர் எதை நட்டுவிட்டு வர வேண்டும் என்பதற்கு அவரை மிஞ்சிய உதாரணம் நமக்கு இல்லை.

இந்திரா பார்த்தசாரதி 1981 முதல் 1986 வரை வார்சாவில் வருகைதரு பேராசிரியராக இருந்தார். போலந்தில் ராணுவச் சட்டம் வந்த காலம் அது. அந்த அனுபவத்திலிருந்து ‘ஏசுவின் தோழர்கள்’ நாவல் வந்தது. நல்ல நாவல். ஆனால் இருக்கை எழுத்தாளனுக்குக் கொடுத்தது வேறு, எழுத்தாளன் இருக்கைக்குக் கொடுத்தது வேறு. இந்த இரண்டாவது கணக்கை நாம் பார்ப்பதே இல்லை.

அந்தக் கணக்கு சரியாக எழுதப்பட்ட இடம் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகம். கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள அந்தச் சிறிய நிறுவனத்தில் ராபர்ட் பிரவுன் என்ற இசை ஆய்வாளர் 1960களின் தொடக்கத்தில் ஒரு ஏற்பாட்டைத் தொடங்கினார். மிருதங்கம் பற்றி ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றவர் அவர். கர்நாடக இசையைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றுவதற்குப் பதிலாக அதை வாசித்துக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாட்டிலிருந்து கலைஞர்களை வரவழைத்தார். மிருதங்கத்துக்கு டி. ரங்கநாதன் வந்தார். நாட்டியத்துக்கு அவர் சகோதரி பாலசரஸ்வதி வந்தார். பாட்டுக்கு 1967இல் ராம்நாட் கிருஷ்ணன் வந்தார். புல்லாங்குழலுக்கு வந்த டி. விஸ்வநாதன் அங்கேயே ராக ஆலாபனையை ஆராய்ந்து 1975இல் முனைவர் பட்டமும் பெற்று, 2002இல் இறக்கும்வரை அங்கே கற்பித்தார். அந்த வகுப்பறையிலிருந்துதான் ஜான் ஹிக்கின்ஸ் பாகவதர் வந்தார். டேவிட் நெல்சன் தனி ஆவர்த்தனத்தை ஆராய்ந்து, பின்னால் அதே ஊரில் மிருதங்கம் கற்பித்தார். ரங்கநாதன், பாலசரஸ்வதி, விஸ்வநாதன் மூவருக்கும் பாட்டியான வீணை தனம்மாளின் வீட்டுப் பாணிக்குக் கடல் தாண்டி ஒரு மாணவர் வரிசை உண்டாயிற்று. கலைஞர் வகுப்பெடுத்தார், மாணவர் வாசிக்கக் கற்றார், கற்றதைப் பதிவுசெய்தார், அதைப் பற்றி எழுதினார், பிறகு தாமே கற்பித்தார். இந்த ஐந்தும் ஒரே கூரையின் கீழ் பல ஆண்டுகள் நடந்ததால்தான் அது நிலைத்தது.

இதே ஆண்டுகளில் விளாத்திகுளத்தில் என்ன நடந்தது? காடல்குடி ஜமீன் வழியில் பிறந்த நல்லப்ப சுவாமிகள், விளாத்திகுளம் சுவாமிகள் என்று இசையுலகம் அறிந்தவர், இங்கே வாழ்ந்துகொண்டிருந்தார். 1889இல் பிறந்தவர், 1965இல் மறைந்தார். ராக ஆலாபனையில் அவருக்கு இருந்த ஆழத்தைக் கேட்டு வியந்தவர்களில் கி.ரா.வும் கு. அழகிரிசாமியும் உண்டு. கி.ரா. அவர் பாட்டை நாடிப் போனார், அவரைப் பற்றி எழுதினார். இன்று சுவாமிகளின் பாட்டைப் பெரும்பாலும் கேட்டவர்களின் எழுத்து வழியாகத்தான் அறிகிறோம். வெஸ்லியனில் ராக ஆலாபனை முனைவர் பட்ட ஆய்வாவதற்குப் பத்து ஆண்டு முன்னால், ஆலாபனையே தன் வாழ்நாள் வேலையென்று இருந்த ஒருவர் கரிசல் மண்ணில் பாடி ஓய்ந்தார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து பதிவுசெய்யவும் பாடம் கேட்கவும் மாணவர்களை அனுப்பும் வழக்கம் நம் பல்கலைக்கழகங்களில் வேரூன்றியிருக்கவில்லை. இது ஒரு தனிமனிதரின் துரதிருஷ்டம் என்று சொல்லிக் கடந்துவிட எனக்கு மனமில்லை. ஒரு கல்வி முறை எதை அறிவு என்று எண்ணியது, எதை எண்ணவில்லை என்பதற்கு அந்த மௌனம் சாட்சி.

எங்கள் வட்டாரத்தில் அறிவைச் சேகரித்தவர்கள் வேறு இடத்தில் இருந்தார்கள். பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்திய நா. வானமாமலை அவர்களில் முதல்வர். பல்கலைக்கழக ஊதியம் இல்லாமல் அவர் ஒரு துறையையே உருவாக்கினார். நெல்லை ஆய்வுக் குழுவைக் கூட்டினார். 1969இல் ‘ஆராய்ச்சி’ இதழைத் தொடங்கினார். கட்டபொம்மு, கான்சாகிபு, முத்துப்பட்டன் கதைப்பாடல்களை அவர் பதிப்பித்துக் கொடுக்க, மதுரைப் பல்கலைக்கழகம் 1970களின் தொடக்கத்தில் வெளியிட்டது. பதிப்பித்தவருக்கு அங்கே நாற்காலி கிடையாது. அவருடைய மாணவ வட்டத்திலிருந்து வந்த ஆ. சிவசுப்பிரமணியன் தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரியில் தமிழ் கற்பித்தபடியே இந்தக் கடற்கரையின், இந்தக் கரிசலின் மக்கள் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தார்.

நா.வா.வின் ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ 1964இல் வந்தது. அதைக் கையில் எடுக்கிறவர்கள் பாட்டைப் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுகிறார்கள். பாட்டுக்குக் கீழே சேகரித்தவர் பெயரும் ஊரும் இருக்கும். எஸ்.எஸ். போத்தையா என்ற பெயரும் விளாத்திகுளம் வட்டாரத்து ஊர்களும் அங்கே திரும்பத் திரும்ப வரும். போத்தையா தங்கம்மாள்புரத்துக்காரர், பள்ளி ஆசிரியர். களையெடுப்பில், நாற்று நடுகையில், தாலாட்டில், ஒப்பாரியில் பெண்கள் பாடியவற்றை அவர்கள் வாயிலிருந்து கேட்டு எழுதியவர். நாட்டார் வழக்காற்றியல் என்று ஒரு பட்டப் படிப்பு தமிழ்நாட்டில் வருவதற்குப் பல காலம் முன்னாலேயே அந்தப் படிப்பின் அடிப்படை வேலையைச் செய்துமுடித்தவர். அவர் பெயரைத் தமிழ் முதுகலை மாணவர் எத்தனை பேருக்குத் தெரியும்? கி.ரா.வுக்கு உதவிய கழனியூரனும் பள்ளி ஆசிரியர்தான். கி.ரா.வோடு சேர்ந்து ‘மறைவாய்ச் சொன்ன கதைகள்’ தொகுத்தவர் அவர். தென்மாவட்டங்களின் வாய்மொழி வழக்குகள் இன்று நூலாக இருக்கின்றன என்றால், ஊர்ப் பள்ளியில் சாக்பீஸ் பிடித்த இவர்களைப் போன்ற கைகளுக்கு அதில் பெரும்பங்கு உண்டு.

இந்தப் பின்னணியில் வைத்துத்தான் கி.ரா.வின் புதுச்சேரி ஆண்டுகளைப் படிக்க வேண்டும். 1985இல் தொடங்கிய புதுவைப் பல்கலைக்கழகத்துக்கு அப்போது கி. வேங்கடசுப்பிரமணியன் துணைவேந்தர். அந்த வளாகத்துக்குச் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் நிகழ்கலைப் பள்ளி வந்தது. இந்திரா பார்த்தசாரதி அதன் இயக்குநரானார். பின்னாளில் அதே பள்ளியில் நாட்டுப்புறப் பாடகரும் ஆய்வாளருமான கே.ஏ. குணசேகரன் பேராசிரியராக வந்தார். 1980களின் இறுதியில் கி.ரா. நாட்டார் வழக்காற்றுக்கு வருகைதரு பேராசிரியராக வந்தபோது அறுபதைத் தாண்டியிருந்தார். அரசு ஊழியர் ஓய்வுபெறும் வயதுக்குப் பின்னால் ஒருவருக்குப் பல்கலைக்கழகம் முதல் வேலையைக் கொடுத்தது. இந்த ஒரு முடிவுக்காகவே அந்தத் துணைவேந்தரை நன்றியோடு நினைக்க வேண்டும்.

கி.ரா. அங்கே போய்ச் சும்மா உட்காரவில்லை. கதை சொல்லும் பாட்டிகள் இருக்கும் கிராமங்களுக்கு மாணவர்களை அனுப்பினார். அவர்கள் கொண்டுவந்த புதுவை வட்டாரக் கதைகள் நூலாயின. கரிசல்காரர் ஒருவர் தமக்குப் பழக்கமில்லாத மண்ணின் கதைகளைச் சேர்க்க அந்த மண்ணின் பிள்ளைகளையே தயார்செய்தார் என்பதுதான் அந்த இருக்கையின் உண்மையான சாதனை. பாலியல் கதைகளையும் அவர் ஒதுக்கவில்லை. ‘வயது வந்தவர்களுக்கு மட்டும்’ என்று அவர் கொண்டுவந்த தொகுதி, மக்கள் வாயில் புழங்குவதை ஆராய்ச்சியின் பேரால் சலித்து எடுத்துச் சுத்தம் செய்யக் கூடாது என்ற கொள்கையின் செயல்வடிவம். பல்கலைக்கழகத்துக்குள் வளர்ந்த ஒரு பேராசிரியர் அந்தத் துணிச்சலைக் காட்டியிருப்பாரா என்பது எனக்குச் சந்தேகமே. 1991இல் ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது வந்தது. உலகம் அந்த விருதைப் பார்த்தது, வகுப்பறையைப் பார்க்கவில்லை.

அவர் விதைத்தது வளாகத்துக்கு வெளியேதான் அதிகம் முளைத்தது. கரிசல் அகராதி காட்டிய வழியில் பெருமாள்முருகன் 2000இல் கொங்கு வட்டாரச் சொல்லகராதியைக் கொண்டுவந்தார். கண்மணி குணசேகரன் 2007இல் நடுநாட்டுச் சொல்லகராதியைக் கொண்டுவந்தார். அவர் அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனைத் தொழிலாளி. எழுத்தாளர்களே முன்நின்று அகராதி தொகுக்கும் இந்த மரபு தமிழுக்கு ஒரு செல்வம். ஆனால் கி.ரா.வின் பதவிக்காலம் முடிந்ததும் அந்த இருக்கைக்கு அவரைப் போலவே களத்திலிருந்து அடுத்து ஒருவர், அவருக்குப் பின் இன்னொருவர் என்று ஒரு வரிசை எழவில்லை. வெஸ்லியன் ஒருவரை அழைத்ததை ஓர் ஏற்பாடாக மாற்றியது. நாம் ஓர் ஏற்பாட்டின் தொடக்கத்தை ஒரு மனிதரின் பெருமையாகச் சுருக்கிவிட்டோம்.

பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி இதில் ஓரளவு வேறு பாதையில் போனது. அங்கே 1980களின் பின்பகுதியில் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் எழுந்தது, பிறகு பட்டப் படிப்பும் வந்தது. தே. லூர்து போன்றவர்கள் கோட்பாட்டைத் தமிழில் கற்பித்தார்கள். வெளிநாட்டு அறிஞர்கள் வந்து பயிலரங்கு நடத்தினார்கள். களப்பணிக்கு ஒரு முறைமை கிடைத்தது. அந்த மையத்தின் மீது எனக்கு மரியாதை உண்டு. என் குறை ஒன்றுதான். அங்கே வந்து பேசியவர்கள் கோட்பாட்டாளர்கள். பாடுகிறவரும் ஆடுகிறவரும் தகவலாளியாக மட்டுமே தாளில் வந்தார்கள். ஜமீன் கோடாங்கிபட்டியின் தேவராட்டக்காரர் எந்தத் தாளத்துக்கு எந்த அடவு என்பதை உடம்பில் வைத்திருக்கிறார். வேம்பாரில் கடல் பார்த்துக் காற்று சொல்லும் மீனவருக்குக் காற்றுகளின் பெயர்களே ஒரு அகராதி. இவர்கள் வகுப்பறையின் முன்பக்கத்தில் நிற்க வேண்டியவர்கள்.

இப்போது புதிய திட்டத்துக்கு வருவோம். ‘புரொபசர் ஆஃப் பிராக்டிஸ்’ நெறிமுறைகள் இலக்கியத்தையும் நுண்கலையையும் பட்டியலில் சேர்த்திருக்கின்றன. பட்டம் கட்டாயமில்லை. துறையில் குறைந்தது 15 ஆண்டு அனுபவம், அதிலும் மூத்த நிலையில் இருந்தவர் என்றால் மேல். ஒரு நிறுவனத்தின் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. முதலில் ஓராண்டு வரை. மொத்தம் நான்கு ஆண்டைத் தாண்டக் கூடாது. அடுத்த வரிதான் முக்கியம். ஆசிரியப் பணியில் இருப்பவருக்கும் அதிலிருந்து ஓய்வுபெற்றவருக்கும் இந்தப் பதவி கிடையாது.

கல்லூரி ஆசிரியர்கள் ஓய்வுக்குப் பின் இதைப் பிடித்துக்கொள்ளக் கூடாது என்பது அந்த வரியின் நோக்கமாக இருக்கலாம். அதன் விளைவைக் கரிசலில் நின்று பார்த்தால் தெரியும். போத்தையாவுக்கு இடமில்லை. கழனியூரனுக்கு இடமில்லை. கிராமத்துப் பள்ளியில் வேலை பார்த்தபடி வாழ்நாள் முழுவதும் பாட்டும் கதையும் சேர்த்த ஆசிரியர் எவருக்கும் இடமில்லை. மூத்த நிலை அனுபவம் என்ற அளவுகோல் நிறுவன அதிகாரிக்குப் பொருந்தும். ஒப்பாரி பாடுகிற ஆத்தாளுக்கு மூத்த நிலை எது, இளநிலை எது? ஓராண்டு என்ற காலமும் கலைக்கு ஒத்துவராது. வானம் பார்த்த பூமியில் ஓராண்டு என்பது ஒரு மழை, ஒரு வெள்ளாமை. அதற்குள் ஒரு மாணவர் பாடுகிறவரின் நம்பிக்கையைப் பெறவே தொடங்கியிருப்பார். 2023இல் கலைஞர்களையும் கைவினைஞர்களையும் கல்வி நிறுவனங்களில் தங்கவைத்துக் கற்பிக்கும் இன்னொரு திட்டத்தை மானியக் குழு வெளியிட்டது. நோக்கம் நல்லது. அதையும் ஆண்டுவிழா நிகழ்ச்சியாகக் குறுக்கிவிடாமல் பட்டப் படிப்போடும் பதிவோடும் கட்டினால்தான் பயன் உண்டு.

பணம் இல்லை என்ற பதிலை நான் ஏற்கமாட்டேன். ஹார்வர்டில் தமிழ் இருக்கை அமைக்க 60 லட்சம் டாலர் திரட்டினோம். தமிழக அரசு மட்டும் 10 கோடி ரூபாய் கொடுத்தது. உலகத் தமிழர்கள் தங்கள் சேமிப்பிலிருந்து கொடுத்தார்கள். அந்த உணர்வை நான் மதிக்கிறேன், சங்க இலக்கியம் அங்கே கற்பிக்கப்படுவதும் நல்லதே. ஆனால் சங்க இலக்கியம் ஓலையிலும் அச்சிலும் காக்கப்பட்டுவிட்டது. காக்கப்படாதது விளாத்திகுளத்து மிளகாய்க் காட்டில் ஒரு கிழவியின் நினைவில் இருக்கிறது. அவளுக்கு வயதாகிறது. ஓர் அயல்நாட்டு இருக்கைக்குத் திரட்டிய தொகையின் ஒரு சிறு பங்கு இருந்தால் தென்மாவட்டங்களில் பல இருக்கைகளைத் தொடங்கலாம்.

அந்த இருக்கைகள் எப்படி இருக்க வேண்டும் என்பதில் எனக்குத் தெளிவு உண்டு. பதவிக்காலம் குறைந்தது மூன்று ஆண்டு. வருகிறவர் தம் ஊரை விட்டு வளாகத்தில் குடியேற வேண்டியதில்லை. தூத்துக்குடியிலும் கோவில்பட்டியிலும் திருநெல்வேலியிலும் உள்ள மாணவர்கள் அவர் ஊருக்கு வரட்டும். அந்தக் களப்பணிக்குப் பட்டப் படிப்பில் மதிப்பெண் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எந்த மாணவரும் இரண்டாவது முறை பஸ் ஏறமாட்டார். பதிவுசெய்த குரலின் ஒரு படி பாடியவர் வீட்டுக்கும் ஊர் நூலகத்துக்கும் திரும்ப வேண்டும், உரிமை பாடியவர் பெயரில் இருக்க வேண்டும். பள்ளி ஆசிரியர்களை விலக்கும் விதி போக வேண்டும். ஒருவர் காலம் முடிவதற்கு ஓராண்டு முன்பே அடுத்தவர் யார் என்று முடிவாகியிருக்க வேண்டும். கடைசி விதி இல்லாததால்தான் புதுச்சேரியின் அருமையான தொடக்கம் ஒரு தலைமுறையோடு நின்றது.

கி.ரா.வுக்கு இடைசெவலில் அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடந்தது. கோவில்பட்டியில் நினைவரங்கம் எழுந்தது. இவையெல்லாம் ஒரு மொழி தன் எழுத்தாளனுக்குச் செய்ய வேண்டிய கடமைகள், செய்தவர்களுக்கு நன்றி. ஆனால் அவர் செய்த வேலையைத் தொடர்வதற்கு நினைவரங்கம் போதாது. அவர் பெயரில் கரிசல் வட்டார வழக்காற்றுக்கு ஒரு வருகைதரு இருக்கையை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் தொடங்க வேண்டும். அதன் முதல் மூன்று ஆண்டுகளை, நாம் பெயர் அறியாத ஒரு சேகரிப்பாளருக்கோ, பாடுகிறவருக்கோ, ஆடுகிறவருக்கோ கொடுக்க வேண்டும். எழுத்தில் புகழ்பெற்ற என் போன்ற கட்டுரையாளர்களும் நாவலாசிரியர்களும் அந்த வரிசையில் பின்னால் நிற்கலாம். எங்களுக்கு அச்சு இருக்கிறது. அவர்களுக்கு இருப்பது குரலும் உடம்பும் மட்டுமே. அவை இருக்கும்போதே அழைப்பு போய்ச் சேர வேண்டும்.